எருமேட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே: ஒரு லோடர் டிராக்டரின் கிளட்ச் பிளேட் ஏன் நிற்கவில்லை?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு. அங்கே ஓடும் டிராக்டர் ஒன்று மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர், டிரெய்லர் என்று பல வருடம் ஒரே கிளட்ச் பிளேட்டில் ஓடியது. முன்பக்கம் எரு அள்ளும் லோடர் மாட்டிய பிறகு இரண்டு பிளேட் அடுத்தடுத்துப் போயின. இரண்டாவது பிளேட் ஒரு எருச் சீசனைக்கூட முழுதாகத் தாண்டவில்லை.

புகாரோடு தீர்ப்பும் தயாராகவே எங்களிடம் வந்தது. "பிளேட்டு டூப்ளிகேட்டுங்க, வேற என்ன இருக்கப் போகுது" என்றார் தோப்புக்காரர். அக்கம்பக்கத்தார் ஓட்டுநரைக் கை காட்டினார்கள். எப்போதும் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான் என்பது அவர்கள் சொன்ன குற்றம். பல வண்டிகளில் இந்த இரண்டில் ஒன்று உண்மையாகவே இருக்கும். இந்த வண்டியில் இரண்டுமே இல்லை.

வண்டியும் வேலையும்

50 குதிரைத்திறன் வகுப்பு வண்டி. எட்டு முன் கியர், எட்டு பின் கியர். ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் சிங்க்ரோ ஷட்டில் லீவர். முன்னே தள்ளினால் முன்னோட்டம், பின்னே இழுத்தால் ரிவர்ஸ். என்ஜின் ஓட்டத்தை உரசிப் பிடித்துக் கடத்தும் கிளட்ச், ஆயில் படாத உலர் வகை டூயல் கிளட்ச். பெடலைப் பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் ஓட்டம் அறும், முழுக்க மிதித்தால் ரொட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றும் பின்தண்டான பி.டி.ஓ.வும் நிற்கும். பிரேக் ஆயிலில் மூழ்கிய தட்டு வகை. லோடர் பிறகு வெளியில் செய்து மாட்டியது.

மழைக்கு முன்னால் தென்னையின் வட்டப்பாத்திகளுக்கு எரு போய்ச் சேர வேண்டும். இந்தத் தாலுகா கேரளத்தில் இருந்தாலும் கேரளத்து மழை இங்கே கிடையாது. ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறை அணைக்கட்டு வழியாக வாய்க்காலுக்கு வந்தால்தான் பாசனம் உண்டு. கேரளத்தில் கரிசல் மண் கிடக்கும் மூலையும் இதுதான். காய்ந்தால் விரல் போகும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் டயரோடு ஒட்டிக்கொண்டு வரும். எரு போட்டால்தான் அது கொஞ்சம் இளகும் என்பதால் சாணி எரு, கோழி எரு, தேங்காய் நார்க்கழிவு என்று வருடத்தில் பாதி நாள் ஏதாவது ஒன்றை அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். லோடர் வந்த பிறகு ஆள் கூலி மிச்சமானது உண்மைதான். அந்தச் சுமை கிளட்ச் மேல் ஏறியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிரித்தபோது

டிராக்டரில் கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். லோடர் இருந்தால் அதன் சட்டத்தை முதலில் கழற்றியாக வேண்டும். பிளேட்டின் விலையைவிட இந்த வேலைதான் பெரிது. ஒரு தடவை பிரித்தால், காரணம் என்ன என்பதையும் அப்போதே படித்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். பழைய பிளேட்டைப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி வண்டியைச் சேர்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. முதல் பிளேட் போனபோது இங்கேயும் அப்படித்தான் நடந்தது.

கிளட்சை மூடிய கூடான பெல் ஹவுசிங்குக்குள் கரித்தூள் போல உலர்ந்த பொடி படிந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு எங்கும் இல்லை. என்ஜின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பெட்டியின் சீலோ கசிந்திருந்தால், பிளேட்டின் உரசும் மேற்பரப்பான லைனிங் நனைந்து பளபளத்து வழுக்கியிருக்கும்; பொடியும் பசையாகி ஒட்டியிருக்கும். ஆகவே கசிவு காரணம் இல்லை.

சக்கரத்துக்கான பிளேட்டின் லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே சீரான தேய்மானம். லைனிங் எங்கும் பெயரவில்லை, உதிரவில்லை. டூப்ளிகேட் பிளேட் பெரும்பாலும் துண்டு துண்டாக விட்டுப்போகும், அல்லது நடுவிலுள்ள ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். இங்கே ஸ்பிரிங்குகள் இறுக்கமாகவே இருந்தன. பிளேட் செய்ய வேண்டிய வேலையைச் செய்து தேய்ந்து முடிந்திருந்தது. ஆனால் பல வருட வேலையைச் சில மாதத்தில் செய்திருந்தது.

கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் முகம்தான் நிறையப் பேசியது. சுற்றிலும் நீலம் பாரித்த திட்டுகள், அவற்றின் நடுவே மயிரிழை வெடிப்புகள் நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கி ஓடின. இரும்பு அந்த நிறத்துக்குப் போக வேண்டுமென்றால் உரசும் முகத்தில் சுமார் 300 டிகிரி ஏறியிருக்க வேண்டும். பி.டி.ஓ. பக்கத்துப் பிளேட் ஏறக்குறைய புதியதாகவே இருந்தது.

ஓட்டுநர் மேல் இருந்த குற்றச்சாட்டை ரிலீஸ் பேரிங் தீர்த்துவைத்தது. பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் நெம்புகளை (ஃபிங்கர்) அழுத்திக் கிளட்சை விடுவிப்பது அது. பெடல் மேல் சதா காலை வைத்து ஓட்டினால் முதலில் கெடுவது அதுதான். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது ஃபிங்கர் முனைகளை உரசிக்கொண்டே சுற்றும். பேரிங் இரைச்சல் போடும், ஃபிங்கர் முனைகளில் பள்ளம் விழும். இங்கே பேரிங்கைக் கையில் சுற்றினால் சத்தமே இல்லை. ஃபிங்கர் முனைகளில் லேசான பளபளப்பு மட்டும். பெடலின் ஃப்ரீ பிளேயும் (கிளட்ச் விடுபடத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) பிரிப்பதற்கு முன் அளந்தபோது கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருந்தது. "நான் கால வெக்கறதே இல்லீங்ணா" என்று ஓட்டுநர் சொன்னது பொய் இல்லை.

எஞ்சியது ஒன்றே: கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி உரசியிருக்கிறது. எங்கே, ஏன் என்பதைப் பட்டறையில் கண்டுபிடிக்க முடியாது.

எருமேட்டருகில்

புது பிளேட் போட்டு வண்டியைச் சேர்த்த பிறகு, ஓட்டுநரை வழக்கம்போல ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

கை ஆக்சிலேட்டர் 1,800 ஆர்.பி.எம்.மில் நிலையாக நின்றது. மேட்டில் பக்கெட்டைக் குத்தி அள்ளி, ரிவர்ஸில் வேகமாகப் பின்வாங்கினார். வண்டி இன்னும் பின்னோக்கி உருண்டுகொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து, ஷட்டில் லீவரை முன்னே தள்ளி, கிளட்சை விட்டார். என்ஜின் ஒரு முனகல் முனகி இறங்கியது, வண்டி குலுங்கி நின்று முன்னே பாய்ந்தது. வலது கால் எந்தப் பெடலையும் தொடவில்லை. டிரெய்லரில் கொட்டிவிட்டு மறுபடி பின்வாங்கியபோதும் அதே முனகல்.

சிங்க்ரோ ஷட்டில் என்ற பெயரே இங்கே பாதி வினைக்குக் காரணம். வண்டி விற்கும் இடத்தில் "கியர் மாத்தாம முன்ன பின்ன போகலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிங்க்ரோ வளையம் செய்வது கியர்பெட்டிக்குள் பற்கள் கர்ரென்று மோதாமல் இரண்டு பக்கத்து வேகத்தையும் சமப்படுத்துவது மட்டுமே. லீவர் சத்தமில்லாமல் விழுகிறது, அதனால் வண்டி ஒத்துக்கொண்டது என்று நினைக்கிறோம். பின்னால் உருளும் 3 டன் இரும்பை நிறுத்தித் திருப்பும் வேலை அப்படியே கிளட்ச் பிளேட்டின் தலையில் விழுகிறது. பழைய மாதிரி கியர்பெட்டியாக இருந்தால் வண்டி நிற்காமல் ரிவர்ஸ் விழவே விழாது. அந்தப் பற்களின் கர்ர் சத்தம் ஓட்டுநரை அதட்டி நிறுத்தும். சிங்க்ரோ அந்த அதட்டலை எடுத்துவிட்டது.

நான்கு மடங்கு

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் தோப்புக்காரருக்கு நம்பிக்கை வந்தது. லோடரும் பக்கெட் எருவும் சேர்த்து வண்டி 3 டன் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 2.2 மீட்டர். அந்த ஓட்டத்தில் வண்டிக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 7.4 கிலோஜூல். நிற்கும் வண்டியை அந்த வேகத்துக்குக் கிளட்ச் இழுத்துக்கொண்டு போகும்போது, வண்டி பெறும் ஆற்றலுக்குச் சமமான இன்னொரு பங்கு பிளேட்டில் சூடாகப் போகும். அதுவும் 7.4. என்ஜின் வேகம் குறையாமல் நிற்கிறது என்று கொண்டால் இது தப்பிக்க முடியாத கூலி. எவ்வளவு பதமாக விட்டாலும் உண்டு.

பின்னால் 8-ல் உருளும் வண்டியைக் கிளட்சை வைத்தே முன்னால் 8-க்குத் திருப்பினால் எவ்வளவு? நிறுத்த ஒரு பங்கு, கிளப்ப ஒரு பங்கு, ஆக இரண்டு மடங்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மையில் நான்கு மடங்கு. கிளட்சின் இரண்டு பக்கமும் அப்போது எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. வேக வித்தியாசம் 8 அல்ல, 16. சூடு அந்த வித்தியாசத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒரு திருப்பத்துக்குச் சுமார் 30 கிலோஜூல்.

அதே இடத்தில் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டுப் புறப்பட்டால், நிறுத்தும் பங்கைப் பிரேக் வாங்கிக்கொள்ளும், கிளட்சுக்கு 7.4 மட்டுமே. இந்த வண்டியின் பிரேக் தட்டுகள் பின் அச்சின் ஆயிலில் மூழ்கி இருக்கின்றன. சூட்டை வாங்கி ஆற்றிக்கொள்ளவே அவற்றைச் செய்திருக்கிறார்கள். உலர் கிளட்ச் அடைத்த கூட்டுக்குள் இருக்கிறது. சூடு போக வழி குறைவு. இன்னும் ஒரு படி இறங்கி, மணிக்கு 3 கிலோமீட்டர் போகும் லோ கியரில் வேலை செய்தால் ஒரு புறப்பாட்டுக்குச் சுமார் 1 கிலோஜூல்தான் ஆகும். 30 எங்கே, 1 எங்கே.

ஒரு பக்கெட்டுக்கு நான்கு முறை திசை மாறுகிறது. மேட்டில் குத்தும்போதும் டிரெய்லரில் கொட்டும்போதும் வண்டி எப்படியும் நின்றுவிடுகிறது. அந்த இரண்டில் பெரிய கேடு இல்லை. களத்தின் நடுவே ரிவர்ஸிலிருந்து முன்னே திரும்பும் இரண்டுதான் பிளேட்டைத் தின்றவை. ஆக அவர் ஓட்டிய விதத்தில் பக்கெட்டுக்கு 75 கிலோஜூல் வரை. ஒரு டிரெய்லருக்கு 15 பக்கெட் என்றால், வெந்நீர் போடும் 1 கிலோவாட் ஹீட்டரைக் கிளட்ச் கூட்டுக்குள் ஏறக்குறைய 19 நிமிடம் எரியவிட்ட சூடு அது. நிறுத்திப் புறப்பட்டு, லோ கியரில் ஓட்டினால் 1 நிமிடம்.

"ஒரு நிமிசமா? பத்தொம்பது எங்க போச்சுங்க?" என்று தோப்புக்காரர் காகிதத்தை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார்.

ஏன் அப்படி ஓட்டினார்

இத்தோடு "பிரேக் பிடித்து ஓட்டு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஒரு வாரம் கேட்டிருப்பார், அப்புறம் பழையபடிதான். பதினைந்து வருடம் வண்டி ஓட்டுகிறவர் ஒன்றைச் செய்யாமல் விட்டால் அதற்கு அவரளவில் காரணம் இருக்கும். கேட்டோம்.

"பிரேக் புடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்ணா. பக்கெட்டு மேல இருக்கறப்ப பயமா இருக்குது."

குனிந்து பார்த்தால், இடது வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்டும் லாக் இல்லை. உழவில் வளைவு எடுக்க ஒரு பக்க பிரேக் வேண்டும் என்று எப்போதோ பிரித்துவிட்டிருக்கிறார்கள். பிறகு அது கழன்று தொலைந்தும் போயிருக்கிறது. வலது காலுக்கு வாகாகக் கிடைப்பது ஒரு பெடல்தான். அதை மட்டும் மிதித்தால் ஒரு பின்சக்கரம் மட்டும் பிடிக்கும். தூக்கிய பக்கெட்டோடு அப்படிப் பிடித்தால் வண்டி கவிழவும் கூடும். அவர் பிரேக்கைத் தொடாமல் கிளட்சால் நிறுத்தியது சோம்பலில் அல்ல, உயிருக்குப் பயந்து.

அடுத்தது அந்த 1,800 ஆர்.பி.எம். "கொறைச்சா பக்கெட்டு ஏற மாட்டேங்குதுங்." லோடரின் ஹைட்ராலிக் பம்பு தேய்ந்து, ஆயில் உள்ளேயே கசிந்து திரும்பிக்கொண்டிருந்தது. உள்கசிவு அழுத்தத்தைப் பொறுத்தது, பம்பு தரும் ஆயிலோ என்ஜின் வேகத்தைப் பொறுத்தது. என்ஜின் மெதுவாக ஓடும்போது வருவதில் பெரும்பகுதி கசிவுக்கே போய்விடும்; வேகமாக ஓடினால் மிச்சம் இருப்பது பக்கெட்டைத் தூக்கும். அதனால் அவர் கை ஆக்சிலேட்டரை ஏற்றிவைத்தே வேலை செய்யப் பழகியிருக்கிறார். கை ஆக்சிலேட்டர் ஏறி நின்றால் ஒவ்வொரு கிளட்ச் பிடிப்பும் அந்த வேகத்தில்தான். 1,800-ஐ 1,200 ஆக்கினால் அதே கியரில் வேகம் மூன்றில் இரண்டு பங்கு. சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கிளட்ச் போன கதைக்கு லோடர் பம்பு ஒரு காரணமாக இருக்கும் என்று பட்டறையில் யார்தான் நினைப்பார்கள்.

மூன்றாவது, கியர். டிரெய்லரை மேட்டிலிருந்து எட்டத்தில், வண்டிப்பாதை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு தூரம் லோ கியரில் ஊர்ந்தால் பொழுது போய்விடும். ஹை கியர் போட்டது அதனால்தான்.

கரிசலில் மாட்டிய கதையும் பேச்சுவாக்கில் வந்தது. ஐப்பசி மழையில் வண்டி புதைந்து, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். சக்கரம் அசையாமல் இருக்க, என்ஜின் முழு வேகத்தில் சுற்ற, நடுவில் பாதி பிடித்த கிளட்ச். நீலத் திட்டுகளில் ஒரு பங்கு அன்றைக்கு விழுந்திருக்கும். இரண்டு பின்சக்கரத்தையும் சேர்ந்து சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டையையும் தேங்காய்த் தொட்டியையும் அடுக்கி, லோ கியரில் கிளட்சை முழுக்க விட்டு ஒரே மூச்சில் ஏற்றுவதுதான் வழி. ஏறவில்லையென்றால் இன்னொரு வண்டியைக் கூப்பிட்டு இழுக்க வேண்டியதுதான்.

மாற்றியவை

பிரேக் பெடல் லாக்கைப் புதிதாக வாங்கி மாட்டி, இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கும்படி சரிசெய்தோம். இதற்கு ஆன செலவு மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது. லோடர் பம்பை மாற்றியாயிற்று. 1,200-லேயே பக்கெட் ஏறுகிறது. டிரெய்லரை மேட்டுக்குப் பக்கத்தில் சாய்வாக நிறுத்தச் சொன்னோம். பின்வாங்கும் தூரமும் திருப்பும் கோணமும் குறைந்ததால், லோ கியரிலும் டிரெய்லர் நிறைய முன்பைவிட அதிக நேரம் ஆகவில்லை.

ஓட்டும் முறையில் சொன்னது கொஞ்சம்தான். பின்வாங்கி வரும்போது கிளட்சைப் பாதி வரை மிதி. லோடர் வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை. அதே நேரம் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்து வண்டியை முழுக்க நிறுத்து. பிறகு லீவர். கிளட்சை ஒரே சீராக விட்டு, காலை அடியோடு எடுத்துவிடு. வண்டி நகர்ந்த பிறகு கால் ஆக்சிலேட்டர். டிரெய்லர் ஓரத்தில் அங்குலம் அங்குலமாகக் கிளட்சால் ஊர்ந்து சேர்க்காதே, அதுவும் உரசல்தான். முதல் நாள் அவருக்கு இது பிடிக்கவில்லை, கை தானாக லீவருக்குப் போனது. என்ஜின் முனகல் நின்றதும் அவரே வித்தியாசத்தைக் கவனித்தார்.

ரொட்டவேட்டர் நாட்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்னை வரிசைக்குள் முனைக்கு முனை ரிவர்ஸ் எடுக்கும்போது பெடலை முழுக்க மிதித்து விட்டால், ஒவ்வொரு முறையும் நின்ற ரொட்டவேட்டரை மறுபடி சுற்ற வைக்கும் வேலை பி.டி.ஓ. பிளேட்டுக்கு வரும். ரொட்டவேட்டரைத் தூக்கி, பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத்தான் பின்னால் போக வேண்டும். பிளேட்டைக் காட்டிலும் பின்னால் நிற்கும் ஆளுக்கு அது முக்கியம்.

தோப்புக்காரர் நடுவில் செராமிக் பிளேட் கேட்டார். அது சூட்டை அதிகம் தாங்கும் என்பது சரி. ஆனால் பதமாகப் பிடிக்காது, வெடுக்கென்று பிடிக்கும். பக்கெட் தூக்கிய வண்டியில் அந்தக் குலுக்கல் நல்லதல்ல, எதிரே உரசும் இரும்பு முகத்தையும் அது சீக்கிரம் தின்னும். காரணங்களை அப்படியே விட்டு செராமிக் போட்டிருந்தால் அடுத்த முறை பிளேட்டோடு, அது உரசும் என்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலும் போயிருக்கும். வேண்டாம் என்றோம். பவர் ஷட்டில் வண்டிக்கு மாறலாமா என்றும் கேட்டார். அதில் திசை மாற்றுவது ஆயிலில் மூழ்கிய பல தட்டுக் கிளட்சுகள். ஆயில் அழுத்தம் தானே பதமாகப் பிடித்து விடும், காலுக்கு வேலையில்லை. நாள் முழுக்க லோடர் வேலை உள்ளவருக்கு அது பொருந்தும். இவருக்கு வருடத்தில் பாதி நாள் உழவும் டிரெய்லரும்தான் என்பதால், இருக்கும் வண்டியே போதும் என்று முடிவானது.

லைனிங் தேயத் தேயப் பெடலின் ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும். அதனால் வண்டியைப் பிரிக்காமலே தேய்மானத்தைக் கவனிக்க முடியும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்து, தோப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கிறார்கள். முந்தைய பிளேட் போன காலத்தையும் தாண்டி அடுத்த எருச் சீசனும் முடிந்துவிட்டது. அந்த அளவு இன்னும் திருத்த வேண்டிய நிலைக்கு வரவில்லை. வண்டி முழுக்க நிற்கும் முன் ஷட்டில் லீவரை முன்னே தள்ளினால் மட்டும் ஒரு சின்ன உரசல் கேட்கிறது. அது பழைய ஓட்டத்தில் அடிபட்ட சிங்க்ரோ வளையம். வண்டி நின்ற பிறகு லீவர் போட்டால் சத்தம் இல்லை என்பதால், கியர்பெட்டியை வேறு வேலைக்குத் திறக்கும் நாளுக்கு அதை ஒத்திவைத்திருக்கிறோம்.